போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய காருக்கு வீட்டிலேயே கூலண்ட் மாற்றுவது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழக்கரையில் ஒரு தம்பி, செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கியிருக்கிறார். கூலண்ட் பாட்டிலைத் திறந்து பார்த்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் கலங்கலாக இருக்கிறது, அடியில் செம்மண் மாதிரி வண்டல். முந்தைய ஓனர் குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். வீட்டிலேயே ஃப்ளஷ் செய்து, அதாவது உள்ளே கழுவி, மாற்ற முடியுமா, வீட்டுக்கு வரும் காவிரித் தண்ணீரைக் கலக்கலாமா, நம் ஊர் வெயிலுக்கு வெறும் தண்ணீரே போதாதா என்று மூன்று கேள்வி கேட்கிறார்.

முடியும். கூடாது. போதாது.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கம் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். "கூலண்ட் என்பது தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றுவது, இங்கே மார்கழியிலேயே ஃபேன் போட்டுத்தான் தூங்குகிறோம், நமக்கு எதற்கு அது?" உறைவது நம் கவலை இல்லை, அது சரிதான். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும் என்பது லடாக் போகிறவருக்குத்தான் பயன்படும். ஆனால் அதே கலவை திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்காமல் 106, 108 வரை தாக்குப்பிடிக்கும், ரேடியேட்டர் மூடி கொடுக்கிற அழுத்தமும் சேர்ந்தால் 125-ஐத் தாண்டியும் ஆவியாகாமல் இருக்கும். சித்திரை வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு பாம்பன் பாலத்தில் வண்டி நகராமல் நிற்கும்போது இந்த வித்தியாசம்தான் காப்பாற்றும். அதைவிடப் பெரிய விஷயம் துரு. கூலண்ட் என்று நாம் வாங்குவதில் எத்திலீன் கிளைக்கால் போக மீதி இருக்கும் கொஞ்சத்தில்தான் அரிப்புத் தடுக்கும் மருந்து இருக்கிறது. அலுமினிய ஹெட், இரும்பு பிளாக், வாட்டர் பம்ப், ஹீட்டர் குழாய் என்று பல உலோகங்கள் ஒரே தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கின்றன. அந்த மருந்து இல்லையென்றால் ஒன்றை ஒன்று அரித்துக்கொள்ளும்.

இதை வைத்து, கூலண்ட் நல்லது என்றால் தண்ணீரே கலக்காமல் முழுக்க ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று சிலர் இறங்கிவிடுகிறார்கள். அதுவும் தப்பு. சூட்டை வாங்கிச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன், கிளைக்கால் அதில் மட்டம். கலக்காமல் ஊற்றினால் வண்டி கூடுதலாகத்தான் சூடாகும்.

இப்போது தண்ணீர். உண்மையில் நம் கரையில் எல்லாச் சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எந்த பிராண்டு கூலண்ட் என்று மணிக்கணக்கில் விசாரிப்பவர்கள், அதோடு கலக்கும் தண்ணீரை மோட்டார் போட்டுப் பிடித்து ஊற்றுவார்கள். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடலை ஒட்டி போர் போட்டால் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர், துணி துவைத்தால் சோப்பு நுரைக்காத தண்ணீர். அதிலிருக்கும் குளோரைடு, அலுமினியத்தின் மேலிருக்கும் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்து ஊசி குத்தியது போலப் பள்ளம் போடும். கால்சியமும் மக்னீசியமும் என்ஜினில் எங்கே சூடு அதிகமோ அங்கே போய் வெள்ளையாகப் படியும். வாட்டர் ஹீட்டர் காயிலைக் கழற்றிப் பார்த்திருந்தால் தெரியும், அதே பொருக்குதான் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளும் பிடிக்கிறது.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மாருதி, ஹூண்டாய், டொயோட்டா மாதிரி ஜப்பான், கொரியா வழி வந்த கார்களின் கூலண்டில் பொதுவாக பாஸ்பேட் சேர்த்திருப்பார்கள். ஐரோப்பியக் கார்களில் பாஸ்பேட்டைத் தவிர்த்து சிலிக்கேட் சேர்ப்பது வழக்கம், அங்கே குழாய்த் தண்ணீரே கடினமானது என்பதுதான் அதற்குக் காரணம். கடினத் தண்ணீரில் பாஸ்பேட் போய் விழுந்தால் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளை வண்டலாகத் திரிந்துவிடும். அப்படித் திரிந்தால் துருவைத் தடுக்க வந்த மருந்தும் போச்சு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடைத்துக்கொள்ளும். நம் தெருவில் நிற்கும் பெரும்பாலான கார்கள் இந்த பாஸ்பேட் வகை. போர் தண்ணீரோடு சேரவே சேராத கூட்டணி.

காவிரிக் கூட்டுக் குடிநீர்த் தண்ணீர் போரைவிட எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. ஆனாலும் அதில் உப்பும் உண்டு, கிருமி போகக் கலந்த குளோரினும் உண்டு. வீட்டு ஆர்ஓ தண்ணீர் அதைவிடக் கொஞ்சம் மேல், ஆனால் ஃபில்டர் பழசாகப் பழசாக டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, ஏறிக்கொண்டே போகும். கேன் தண்ணீரில் ருசிக்காகத் தாது உப்பைத் திரும்பவும் சேர்க்கிறார்கள். மழைத் தண்ணீர் சுத்தம்தானே என்று ஒருவர் கேட்பார், கடல் ஓரத்தில் பெய்யும் மழையிலும் உப்பு இருக்கும், அதோடு மாடித் தூசும் காக்கை எச்சமும் வேறு. இத்தனை யோசனை வேண்டாம், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற, தாது உப்பு நீக்கிய டிஎம் வாட்டர் 5 லிட்டர் கேனில் எல்லா பேட்டரி கடையிலும் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கேட்கும்போது டிஎம் வாட்டர் என்று தெளிவாகக் கேளுங்கள், பேட்டரி ஆசிட் கேனும் அதே அலமாரியில்தான் இருக்கும். டிடிஎஸ் மீட்டர் வைத்திருந்தால் முக்கிப் பாருங்கள், 10-க்குள் காட்ட வேண்டும்.

சரி, ஃப்ளஷ் தேவையா? எல்லாருக்கும் தேவையில்லை. பாட்டிலில் இருப்பது அதன் சொந்த நிறத்தில், தெளிவாக இருந்து, கெடு மட்டும் முடிந்திருக்கிறது என்றால் பழையதை வடித்துவிட்டு அதே வகை ரெடி மிக்ஸை, அதாவது தண்ணீர் கலந்தே விற்பதை, ஊற்றுங்கள், வேலை முடிந்தது. கெடு எவ்வளவு என்பதை உங்கள் கார் கையேட்டில் பாருங்கள், பழைய பச்சை வகைக்கு 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள், இப்போதைய வகைகள் அதைவிடப் பல வருடம் கூட நிற்கும். உங்கள் வண்டி மாதிரி பழுப்பாக, வண்டலோடு, என்னென்ன ஊற்றினார்கள் என்று தெரியாமல் இருந்தால்தான் கழுவ வேண்டும்.

ஆனால் ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். என்ஜின் ஆயில் மூடியின் உள்பக்கமும் டிப் ஸ்டிக்கும் மோர் நிறத்தில் இருந்தாலோ, கூலண்டின் மேல் எண்ணெய் மிதந்தாலோ, நிறுத்திக்கொள்ளுங்கள். சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல், கொஞ்சம் இனிப்பு வாடையோடு வந்தாலும் அப்படியே. அது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தகடு) கோளாறாக இருக்கலாம், கூலண்ட் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. அப்புறம் வாட்டர் பம்புக்கு அடியிலும், ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேரும் விளிம்பிலும் வெள்ளைக் கோடோ ஈரமோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அந்த பாகத்தை மாற்றிய பிறகு கழுவுங்கள், இல்லையென்றால் ஊற்றிய புது கூலண்டு வீண். போர் தண்ணீர் ஓடிய வண்டியில் சில சமயம் பொருக்குதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், கழுவியதும் ஒழுக ஆரம்பிக்கும். அது கழுவியதால் வந்த ஓட்டை இல்லை, ஏற்கெனவே இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

வேலைக்குக் காலை நேரம்தான் சரி, வண்டி இரவெல்லாம் நின்று பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறியிருக்க வேண்டும். சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்டதும் உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்துக்கு வரும், துணியைப் போட்டுத் திறப்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும், ஆகவே கை விடுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுவது நல்லது. வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள், முற்றத்து மணலில் ஸ்டாண்டு புதையும் என்பதால் அடியில் கனமான பலகை போடுங்கள்.

அகலமான டிரேயை அடியில் வைத்து, ரேடியேட்டரின் அடியில் ஒரு மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் திருகைக் கையால் மெல்லத் தளர்த்துங்கள். பழைய வண்டியில் அது வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், வராவிட்டால் பிளையர் போட்டு முறுக்காதீர்கள், தலை உடைந்து கையோடு வரும். அதற்குப் பதிலாகக் கீழ் ஹோஸின் கிளாம்பை நகர்த்தி ஹோஸை உருவிவிடுங்கள், அதில் இன்னும் முழுசாகவும் வடியும். முதலில் மெல்லச் சொட்டும், மேலே மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று வரும். ஓவர்ஃப்ளோ பாட்டிலைத் தனியாகக் கழற்றிக் கழுவுங்கள், வண்டல் பாதி அதில்தான் தங்கியிருக்கும்.

டிரேயை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆடும் நாயும் பூனையும் விரும்பி நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் சொல்லவே வேண்டாம். வடித்ததை உடனே பழைய கேனில் ஊற்றி, மூடி போட்டு, மேலே விஷம் என்று எழுதி வையுங்கள், குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றாதீர்கள். சாக்கடையிலோ, ஊருணிக் கரையிலோ, கடலிலோ கொட்டக் கூடாது. ஊருணித் தண்ணீரை இன்னும் குடிக்கிற ஊர்கள் இருக்கின்றன, எதிரே கடல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. பழைய ஆயிலும் கூலண்டும் சேகரித்து அனுப்பும் சர்வீஸ் சென்டர்கள் உண்டு, போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கேனைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

வடிந்ததும் திருகை மூடி (ஹோஸை உருவியிருந்தால் அதைத் திரும்ப மாட்டி), டிஎம் தண்ணீரை ஊற்றி, பேட்டரி வயரை மாட்டி, காருக்குள் ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். நம் ஊரில் ஹீட்டரை யாரும் தொடுவதே இல்லை, அதனால் அந்தக் குழாயில் பழைய கசடு அப்படியே கிடக்கும், சில வண்டிகளில் குமிழைத் திருப்பினால்தான் அதற்குள் தண்ணீர் ஓடும். சூடு ஏறியதும் ரேடியேட்டருக்கு வழி விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட், அது பெரும்பாலும் 82-லிருந்து 88 டிகிரிக்குள் திறக்கும். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், இதமாக இருந்தது சட்டென்று சுடும், அப்போதுதான் தண்ணீர் முழுச் சுற்று சுற்றுகிறது என்று அர்த்தம். அதன் பிறகு ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, முழுக்க ஆறவிட்டு, பேட்டரி வயரை மறுபடி கழற்றி, வடியுங்கள். வடிவது தெளிவாக வரும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். ஒரே நாளில் முடிக்க அவசரப்படாதீர்கள், சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும் அபாயம் உண்டு.

கழுவுவதற்குக் கடையில் விற்கும் ஃப்ளஷ் பாட்டிலைப் பயன்படுத்தலாம், அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும், சொன்ன நேரத்துக்கு மேல் உள்ளே விடக் கூடாது. பாத்ரூம் ஆசிட், வாஷிங் சோடா, இதெல்லாம் பொருக்கோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்னும்.

இனி புதியதை ஊற்றும் இடம். வீட்டில் செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். எவ்வளவு வடித்தாலும் என்ஜின் பிளாக்குக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் கழுவிய தண்ணீர் கொஞ்சம் தங்கிவிடும். உதாரணத்துக்கு மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம், வடித்தால் 3 லிட்டர்தான் வெளியே வரும், 2 லிட்டர் உள்ளேயே இருக்கிறது. அந்த 3 லிட்டர் இடத்தில் ரெடி மிக்ஸை ஊற்றினால் அதில் கிளைக்கால் ஒன்றரை லிட்டர்தான், மொத்தத்தில் 30 சதவீதம் ஆகிவிடும். பாதிக்குப் பாதி வேண்டுமென்றால் கலக்காத கான்சென்ட்ரேட் வாங்கி, மொத்தக் கொள்ளளவில் பாதியை, அதாவது இரண்டரை லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மீதி அரை லிட்டருக்கு டிஎம் தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்ளே தங்கிய தண்ணீர் கணக்கைச் சரிசெய்துவிடும். வடிந்ததை அளந்து வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு வரும், அதனால் டிரேயிலிருந்து கேனில் ஊற்றும்போதே அளந்துவிடுங்கள்.

எந்தக் கூலண்ட் என்பதற்கு நிறத்தைப் பார்க்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி போடும் சாயம், ஒரே நிறத்தில் இரண்டு வெவ்வேறு மருந்து இருக்கும். கையேட்டில் சொன்ன வகை எதுவோ அது கேனில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விலை மலிவாக லூஸில் விற்பதில் கிளைக்கால் எவ்வளவு, சாயத் தண்ணீர் எவ்வளவு என்று கடைக்காரருக்கே தெரியாது.

ஊற்றும்போது நிதானமாக, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் உயரமாக இருந்தால் காற்று மேலே ஏறி வெளியேறும், சரிவான வாசல் இருந்தால் அதுவே போதும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் குமிழி வரும், அளவு இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். சில வண்டிகளில் காற்று விடுவதற்கென்றே ஒரு சின்னத் திருகு இருக்கும், அதில் குமிழி இல்லாமல் கூலண்ட் வரும் வரை திறந்து வைத்து மூடுங்கள். மூடி ரேடியேட்டரில் இருக்கும் வண்டியில் ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பிவிட்டு அப்புறம் பாட்டிலை அளவுக் கோடு வரை நிரப்ப வேண்டும். பாட்டிலிலேயே அழுத்த மூடி இருக்கும் வண்டியில் பாட்டில் வழியாகத்தான் எல்லாம். மூடியின் ரப்பரைப் பாருங்கள், வெடித்திருந்தால் அதே அழுத்த எண் போட்ட புது மூடி வாங்குங்கள். 0.9 இருக்கும் இடத்தில் 1.1 போட்டால் பலம் என்று நினைத்துப் பழைய ரேடியேட்டரைப் பிளந்துகொண்டவர்கள் உண்டு.

பேட்டரி வயரை மாட்டி, ஹீட்டர் முழுச் சூட்டில், ஏசி அணைத்து, ஃபேன் இரண்டு தடவை சுற்றி நிற்கும் வரை ஓடவிடுங்கள். டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் வழக்கமான இடத்தில் நிற்க வேண்டும், ஹீட்டரில் நன்றாகச் சூடு காற்று வர வேண்டும். முள் ஏறிக்கொண்டே போய் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது, அணைத்து ஆறவிட்டு மறுபடி காற்று எடுங்கள்.

இடையில் யாராவது வந்து "தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறி தம்பி, நம்ம ஊர் சூட்டுக்கு அது எதுக்கு" என்பார். கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் என்ஜின் தேவையான சூட்டுக்கு வராது, இன்னும் ஆறியே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட ஊற்றும், மைலேஜும் போகும், தேய்மானமும் கூடும். வேலை செய்யவில்லை என்று சந்தேகமாக இருந்தால் புதிதாக மாற்றுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. ஒழுகலுக்கு மஞ்சள்தூள் கொட்டுவது வழியில் நின்றுபோனவன் ஊர் போய்ச் சேரச் செய்வது, வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு அது வைத்தியம் இல்லை.

உள்ளே இவ்வளவு செய்துவிட்டு வெளியே விட்டுவிட்டால் பயனில்லை. பாம்பனில் புதிய ரயில் பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தார்கள், அதில் துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பெயிண்டும் போட வேண்டி வந்த அதே உப்புக் காற்றுதான் உங்கள் ரேடியேட்டர் முன்னாலும் அடிக்கிறது. அரிச்சல்முனை போய் வந்தால், குறிப்பாகக் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் மாதங்களில், முன்னாலிருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மணலும் உப்பும் சிக்கி நிற்கும். நல்ல தண்ணீரை என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த வேகத்தில் அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் பீய்ச்சினால் துடுப்புகள் மடங்கி அடைத்துக்கொள்ளும். துடுப்பை நகத்தால் தொட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது என்றால் ரேடியேட்டரின் ஆயுள் முடிந்தது, எந்தக் கூலண்டும் அதைக் காப்பாற்றாது. கிளாம்புகள் துருப்பிடித்திருந்தால் இப்போதே மாற்றுங்கள், படகு சாமான் விற்கும் கடையில் ஸ்டெயின்லெஸ் கிடைக்கும், ஆனால் பிளாஸ்டிக் கழுத்து என்பதால் நசுக்கி முறுக்கக் கூடாது.

அடுத்த சில நாள் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பாட்டில் அளவைப் பாருங்கள். மாட்டியிருந்த காற்று வெளியேறுவதால் முதலில் கொஞ்சம் இறங்கும், அதே விகிதத்தில் கலந்ததை ஊற்றி நிரப்புங்கள், இதற்கென்றே அரை லிட்டர் கலந்து டிக்கியில் வைத்திருந்தால் வழியில் போர் தண்ணீர் தேட வேண்டாம். ஒரு வாரத்துக்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் ஒழுகல்தான், மெக்கானிக்கிடம் அழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் மறுபடி பழுப்பாகத் திரும்பினால் பயப்பட வேண்டாம், உங்கள் வண்டியின் கதைக்கு அது எதிர்பார்க்கக்கூடியதுதான், ஆறு மாதம் கழித்து ஒரு தடவை வடித்து ஊற்றுங்கள். தேதியையும் கூலண்ட் வகையையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், நாளைக்கு இந்த வண்டியை வாங்குகிறவராவது குழம்பாமல் இருப்பார்.